நான் பார்த்துக்கொண்ட மிஷின்

என் பெயர் ராஜம்மாள். அண்ணனூரில், ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எழுதுவதும் அப்படித்தான். இந்த நோட்டில் ஒரு பக்கம் நிரம்ப எனக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. அவசரம் ஒன்றும் இல்லை. இனிமேல் எதையும் நிதானமாகச் செய்யச் சொல்லி டாக்டரே சொல்லியிருக்கிறார். மருமகள் செல்வி பிழை திருத்துகிறாள். எழுத்தைத் திருத்து, சொன்னதைத் திருத்தாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஏனென்றால் இதில் ஒரு பெண் செத்துப்போகிறாள். அதில் எனக்குப் பங்கு இருக்கிறது. அதை யாரும் எனக்காக மழுப்ப வேண்டாம்.

எனக்கு மாரடைப்பு வந்தது ஆடி மாதத்தில், எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை. இருபது வருஷமாக அந்த அண்டாவில் கூழ் கிண்டுகிறது நான்தான். வேறு யார் கையிலும் துடுப்பைக் கொடுக்க மாட்டேன். கொடுத்தால் கட்டி தட்டிவிடும் என்று சொல்வேன். உண்மையில் கட்டி தட்டாது, எனக்குக் கொடுக்க மனசு வராது, அவ்வளவுதான். அன்றைக்குக் கிண்டிக்கொண்டிருக்கும்போதே நடு மாரில் யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துகிற மாதிரி இருந்தது. இடது கை மரத்தது. தாடை வலித்தது. வேர்த்துக் கொட்டியது, அடுப்பு முன்னால் நின்றால் வேர்க்காதா என்று விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி வாய்வு என்றாள். சோடாவில் எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுக் கொடுத்தார்கள். குடித்து ஏப்பம் விட்டேன், லேசாக இருந்த மாதிரி இருந்தது. கடைசி ஆள் சொம்பை நீட்டி வாங்கிக்கொண்டு போகிறவரைக்கும் நின்று ஊற்றினேன். பிறகு கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

என் மகன் முருகன் கார் ஷெட்டில் ரயில் பெட்டி கழுவுகிற வேலை பார்க்கிறான். டூட்டியிலிருந்து ஓடி வந்து என்னை ஆட்டோவில் ஏற்றினான். ஆஸ்பத்திரி ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் இருக்கிறது. பெயர் வேண்டாம். அவர்கள் என்னைப் பிழைக்க வைத்தவர்கள்.

அங்கே முதலில் மார், கை, கால் எல்லாம் ஒட்டி இ.சி.ஜி. எடுத்தார்கள். இதயம் எப்படி அடிக்கிறது என்பதை அது பேப்பரில் கோடாகப் போட்டுக் காட்டும். பேப்பரைப் பார்த்ததும் அந்த டாக்டரின் நடையே மாறிவிட்டது. எவ்வளவு நேரமாக வலி என்று கேட்டார். காலையிலிருந்து என்றேன். அவர் முருகனைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

உடம்புக்கெல்லாம் ரத்தம் தள்ளுகிற இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் இருக்கின்றன. அதில் ஒன்று அடைத்துக்கொண்டால், அந்தக் குழாயை நம்பி இருக்கிற சதை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. அடைப்பை எடுக்கிறவரைக்கும் சாகிறது. நான் சோடா குடித்துக்கொண்டிருந்தபோதும் செத்துக்கொண்டிருந்தது. ஆஞ்சியோ என்பது மணிக்கட்டு வழியாக மெல்லிசாக ஒரு குழாயை விட்டு, எந்த இடத்தில் அடைப்பு என்று டி.வி. மாதிரி திரையில் பார்ப்பது. பார்த்த கையோடு அந்த இடத்தை விரித்து, மூடிக்கொள்ளாமல் இருக்க ஸ்டென்ட் என்று ஒன்றை வைப்பார்கள். டாக்டர் அதைப் படத்தில் காட்டி, பயப்படாதீங்க அம்மா, குட்டி ஸ்பிரிங் மாதிரி இருக்கும் என்றார்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பிரிங் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் மிஷினில் நின்றவள். என்னிடமே ஸ்பிரிங் கதையா?

"இன்னா கேஜு சார் கம்பி?" என்று கம்பியின் தடிமனைக் கேட்டேன்.

அவ்வளவு அவசரத்திலும் அவர் சிரித்துவிட்டார். ஒப்புதல் பேப்பரில் முருகன் கையெழுத்துப் போட வந்தான். பேனாவை வாங்கி நானே போட்டேன். என் பெயரை முழுசாக எழுதுவேன். கம்பெனியில் சம்பளத்துக்குக் கைநாட்டு வைக்காத பெண்கள் நாலு பேர்தான், அதில் நான் ஒருத்தி.

ஸ்டென்ட் வைத்து, என்னை இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவு என்கிற வார்டுக்குக் கொண்டுபோனார்கள். எட்டுக் கட்டில். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு திரைச்சீலை, தலைமாட்டில் ஒரு மானிட்டர். நம் மாரில் ஒட்டின ஒயர்கள் அந்த மானிட்டருக்குப் போகும். துடிப்பு தப்பினால் அது மணி அடிக்கும். ஒயர் கழன்றாலும் அடிக்கும், நாம் புரண்டு படுத்தால்கூட சில நேரம் அடிக்கும். சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு, மணிப் படம் போட்ட பொத்தானை ஒரு அமுக்கு அமுக்குவார். கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். மிஷின் பக்கத்திலேயே காலம் தள்ளினவள் கண்ணுக்கு அது தப்புமா? முதல் நாளே கவனித்துவிட்டேன்.

சொந்தக்காரர்களைக் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் விடுவார்கள். செல்வி உப்பில்லாத கஞ்சி கொண்டுவந்து ஸ்பூனில் ஊட்டுவாள். என் தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். கல்யாணமாகி வந்த பதினாலு வருஷத்தில் அவள் கை என் தலையில் பட்டது அப்போதுதான். நானும் அவளும் வீட்டில் அப்படி ஒட்டிக்கொண்டு இருந்தவர்கள் இல்லை. முருகன் வந்தால் பேச மாட்டான். என் கால்மாட்டில் நின்று பாதத்தை அமுக்கிக்கொண்டே இருப்பான். வெளியே போகச் சொன்னதும் போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொள்வான் என்று செல்வி சொன்னாள்.

அந்த வார்டில் சாவு எப்படி வரும் என்பதையும் சொல்ல வேண்டும். வெளியில் இருக்கிறவர்களுக்கு அது தெரியாது. ஒரு கட்டிலுக்கு மட்டும் திரைச்சீலையைச் சரக்கென்று இழுப்பார்கள். ஓடுகிற செருப்புச் சத்தம் கேட்கும். எண்ணிக்கொண்டே மாரை அமுக்குகிற குரல் கேட்கும். பிறகு எண்ணுவது நின்றுபோகும். அந்தப் பக்கம் நடப்பவர்கள் எல்லாரும் மெதுவாக நடப்பார்கள். கொஞ்ச நேரத்தில் பினாயில் வாசனை வரும். அது வந்தால் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

நான் போன அன்றைக்கே நெமிலிச்சேரிக்காரர் ஒருத்தர் போனார். கொத்தனார். இரண்டு நாள் வாய்வு என்று இருந்துவிட்டு வந்தாராம். அவருக்கு இதயத்தில் பாதிக்குமேல் செத்துப்போயிருந்தது, தள்ள முடியாமல் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டது என்றார்கள். மறுநாள் காலை கரையான்சாவடி அம்மா ஒருத்தர் போனார். காப்பியில் சர்க்கரை இல்லை என்று ஆயாவைத் திட்டிக்கொண்டிருந்தவர், திட்டு பாதியில் நின்றது. அவ்வளவுதான். அவருக்கு மாரில் கரண்ட் அதிர்ச்சி கொடுக்கிற பெட்டியை வைத்துப் பார்த்தார்கள், துடிப்பு வரவில்லை.

இவ்வளவையும் பார்த்த பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். மாரடைப்பு வந்து முதல் ஒன்றிரண்டு நாள் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்பார்கள். ஒன்றுக்கு, இரண்டுக்கு எல்லாம் படுத்தபடியே, அடியில் வைக்கிற பெட்பேனில். அடிபட்ட இதயம் பச்சைப் புண் மாதிரியாம். எழுந்து நடந்தாலும் முக்கினாலும் அதற்குப் பாரம். துடிப்பு தறிகெட்டுப் போகலாம். வார்டு ஆயா வசந்தா அந்தத் திங்கட்கிழமை பெட்பேன் கொண்டுவந்தபோது எனக்கு வேண்டாம் என்றேன். இன்னொருத்தி என் மூத்திரத்தை எடுத்துக்கொண்டு போவதா? மத்தியானம் அவள் அந்தப் பக்கம் போனதும், ஒயரை நானே கழற்றிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்குப் போய் வந்துவிட்டேன். சிஸ்டர் ஜெனிபர் கத்தினாள். சின்னப் பெண், இருபத்திரண்டு வயசு இருந்தால் அதிகம். கத்திவிட்டு, என் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததில் எனக்கு ஒரு பெருமை.

திங்கட்கிழமை சாயங்காலம் பக்கத்துக் கட்டிலுக்குக் கோமதி வந்தாள். தென்காசிப் பக்கத்துக்காரி. வீட்டுக்காரர் போன பிறகு மகளோடு பூந்தமல்லியில் ஒன்பதாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறாள். மகள் உமாவுக்கு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கோமதிக்கும் என்னைப் போலத்தான், ஒரு குழாயில் அடைப்பு, ஒரு ஸ்டென்ட். நன்றாகத் தெளிவாக இருந்தாள். அவர்கள் போட்டுவிடுகிற கவுன் முதுகுப் பக்கம் திறந்துதான் இருக்கும். அதை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"யக்கா, இதத் தச்சவனுக்குப் பாதியில நூலு தீந்துபோச்சு போல."

எனக்குச் சிரிப்பில் மாரே வலித்தது. இரண்டு பேரும் அன்றைக்கு நிறையப் பேசினோம். அவள் லிஃப்ட்டில் ஏறப் பயந்து ஆறு மாசம் வீட்டைவிட்டு இறங்காததைச் சொன்னாள். நான் என் கம்பெனிக் கதையைச் சொன்னேன். அதோடு, ஒயரைக் கழற்றிவிட்டுக் கக்கூசுக்குப் போய்வந்த கதையையும் சொன்னேன். சிஸ்டர் முகம் போன போக்கை நடித்தே காட்டினேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. எனக்கு மூன்றாவது நாள், நடக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். கோமதிக்கு நாளைக்குத்தான் என்றார்கள். மத்தியானம் வசந்தா சாப்பிடக் கீழே போயிருந்தாள். அந்த நேரத்தில் வார்டு மூலைக் கட்டிலுக்குப் புது ஆள் ஒருத்தரைக் கொண்டுவந்தார்கள். டாக்டர், ஜெனிபர், இன்னொரு சிஸ்டர், எல்லாரும் அங்கே. கோமதிக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது. கூப்பிட்டாள். பெட்பேனோடு வந்தவர் ஏழுமலை. ஐம்பது வயசு அட்டெண்டர், நல்ல மனுஷர். கோமதி வேண்டாம், ஒன்றும் இல்லை என்று அவரை அனுப்பிவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர்.

"அந்த ஆம்பளயாள வச்சுக்கிட்டு நான் எப்பிடிக்கா."

கம்பெனியில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஷிப்டுக்கு இரண்டு தடவைதான் கக்கூசுக்கு வெளியே விடுவார்கள். வயிற்று வலிக்காரி, மாசக் கணக்கு வந்தவள், பிள்ளை உண்டானவள், எல்லாருக்கும் அதே இரண்டு தடவைதான். சூப்பர்வைசர் மறுபக்கம் போனதும் ஒருத்தி நழுவுவாள். பக்கத்து மிஷின்காரி இரண்டு மிஷினுக்கும் நடுவில் நின்றுகொள்வாள். கம்பி தீர்ந்து மணி அடித்தால், சத்தம் சூப்பர்வைசருக்குக் கேட்பதற்குள் அமுக்கிவிடுவாள். முப்பத்தோரு வருஷம் அப்படி எனக்காக நின்றவர்கள் எத்தனை பேர், நான் நின்றது எத்தனை தடவை. ஒருத்தி கஷ்டப்பட்டால் நாங்கள் யோசிக்க மாட்டோம். வாய் தானாகச் சொல்லும். அன்றைக்கும் சொன்னது.

"நீ போய்ட்டு வா. மிஷின நான் பாத்துக்கினு கீறேன்."

கட்டில் கம்பியை இறக்கியது நான். திரைச்சீலையை இழுத்தது நான். மாரிலிருந்து ஒவ்வொரு ஒயராக, வலிக்காமல் கழற்றியதும் நான். அவள் என் தோளைப் பிடித்து இறங்கினாள். கவுன் முதுகைக் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தாள். கக்கூஸ் வாசலில் திரும்பி, "இந்தா வந்துருதேன்க்கா" என்றாள். கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள்.

மானிட்டர் மணி அடித்தது. அமுக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது, மறுபடி அமுக்கினேன். ஒரு சத்தம் வெளியே போகவில்லை. நல்லபடியாக வேலை பார்க்கிறேன் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது தடவை அமுக்கும்போதுதான் நேரமாகிறதே என்று தோன்றியது. போய்க் கதவைத் தட்டினேன். கோமதி, கோமதி என்றேன். உள்ளே குழாய்த் தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

கத்திக் கூப்பிட்டேன். ஏழுமலை ஓடி வந்து தோளால் இடித்துத் தாழ்ப்பாளை உடைத்தார். அங்கேயே தரையில் போட்டு எண்ண ஆரம்பித்தார்கள். அந்த எண்ணிக்கை ரொம்ப நேரம் போனது. எனக்கு மார் இறுகியது, யாரோ என்னைக் கட்டிலில் படுக்கவைத்து ஊசி போட்டார்கள். கண் திறந்தபோது பினாயில் வாசனை வந்துகொண்டிருந்தது.

பின்னால் டாக்டர் எனக்கு விளக்கினார். அவள் இதயம் தள்ளுவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பித்திருக்கிறது. கட்டிலில் படுத்திருந்தாலும் அது வந்திருக்கலாம் என்றார். வந்திருந்தால் மானிட்டர் காட்டிக்கொடுத்திருக்கும், உடனே அதிர்ச்சி கொடுத்திருப்பார்கள், பிழைக்கிறவர்கள் அப்படித்தான் பிழைக்கிறார்கள். ஆகவே கோமதியைக் கொன்றது நான் என்று அவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு முழுதும் நான் வாயைத் திறக்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. நோயாளி தானாக எழுந்து போய்விட்டாள், சிஸ்டர் கவனிக்கவில்லை, அப்படித்தான் பேச்சு. செல்வி சாயங்காலம் வந்து, பக்கத்துக் கட்டில் அம்மா போய்ட்டாங்களாமே என்றாள். ஆமாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பயம்தான். போலீஸ் வருமோ என்ற பயம். அதைவிட, முருகன் என்னை எப்படிப் பார்ப்பான் என்ற பயம். என்னை யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

புதன்கிழமை காலையில் உமா வந்தாள், அம்மாவின் மூக்குக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு போக. அழுது முகம் வீங்கியிருந்தது. சத்தம் போடவில்லை. டாக்டரை வைத்துக்கொண்டு ஜெனிபரைக் கேட்டாள், ஒயர் கழன்றால் மணி அடிக்குமே, நீங்க எங்கே போயிருந்தீங்க என்று. ஜெனிபர் அடிக்கவே இல்லை என்றாள். உமா கையில் ஒரு லெட்டர் இருந்தது. ஆஸ்பத்திரியை நடத்துகிற பெரியவர்களுக்கு எழுதின புகார். ஜெனிபர் பெயர் அதில் இருந்தது என்பது அவள் அதைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. டாக்டர், அடிக்காமல் இருக்காதும்மா, நல்லா யோசிச்சுச் சொல்லு என்றார். அந்தப் பெண் நின்ற இடத்திலேயே கண்ணைத் துடைத்தாள். என் கையைப் பிடித்து நாடி பார்த்தபடி நின்றவள் அவள்.

"அடிச்சுது," என்றேன். "மூணு வாட்டி அடிச்சுது. நான்தான் அமுக்கினேன்."

மூன்று பேரும் திரும்பினார்கள். எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் கம்பெனி, நான் அடித்துக்கொண்ட பெருமை, ஒயரைக் கழற்றியது, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் உமா என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"அம்மா ஏன் எந்திரிச்சாங்க?"

"பேன் எடுத்துக்கினு வந்தது ஆம்பள. வெக்கம், கண்ணு."

"அவ்ளோதானா?" என்றாள். பிறகு, "கடைசியா எதாவது சொன்னாங்களா?"

"இந்தா வந்துருதேன்க்கான்னு சொன்னாங்க."

அவள் அம்மா பேச்சு அப்படியே என் வாயில் வந்தது. உமா மூக்குக்கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். லெட்டரை நாலாக மடித்துப் பையில் போட்டாள். ஜெனிபரைப் பார்த்து, சாரி சிஸ்டர் என்றாள். என்னைப் பார்க்கவில்லை. அப்படியே போனாள். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கிற இடத்தில் நான் இல்லை.

அன்று காலை வந்த முருகனிடமும் செல்வியிடமும் நானே சொன்னேன். முருகன் என் பாதத்திலிருந்து கையை எடுத்துவிட்டான். கொஞ்ச நேரம் எடுத்தபடியே இருந்தான். அப்புறம் மறுபடி வைத்தான். செல்வி சீப்பை எடுத்து, பழைய பின்னலைப் பிரித்து, புதிதாகப் பின்னினாள்.

எனக்கு மறுபடி வலி வந்ததால், நடக்கலாம் என்பதை டாக்டர் திரும்ப வாங்கிக்கொண்டார். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. அன்றைக்கு மத்தியானம், அதே நேரம், வசந்தா சாப்பிடப் போயிருந்தாள். கோமதியின் கட்டிலில் புது விரிப்பு போட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. எனக்கு அடக்க முடியவில்லை. கூப்பிட்டேன். ஏழுமலை பெட்பேனைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு வந்து, கால்மாட்டில் தயங்கி நின்றார். ஆயா இப்போ வந்துடும்மா, தாங்குவீங்களா என்று கேட்டார்.

"வாணாம் நைனா. இப்பவே குடு."

போர்வை விலகாமல் அடியில் தள்ளி வைத்தார். திரைச்சீலையை இழுத்துவிட்டார். பிறகு எனக்கு முதுகைக் காட்டி, மானிட்டரைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

"நீ இரும்மா," என்றார். "மிஷின நான் பாத்துக்கறேன்."

பெட்பேன் இடுப்புக்கு அடியில் ஜில்லென்று பட்டது. அவ்வளவுதான். அவ்வளவுதான் அது.